உப்பு மூட்டைக்குச் சட்டை போட்டவன்

என் அக்கா மகள் சுகந்தி பாண்டிச்சேரியில் பச்சைக் குழந்தைகளை மட்டும் படம் எடுக்கும் ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். கூடையில் படுக்க வைப்பது, முயல் காது வைத்த தொப்பி மாட்டுவது, துணியில் கொழுக்கட்டை மாதிரி சுற்றிப் பூக்களுக்கு நடுவில் வைப்பது என்று என்னென்னவோ செய்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"மாமா, பத்து நாள் குழந்தைக்கு டிரஸ் மாத்தும்போது எங்க ஆளுங்களுக்குக் கை நடுங்குது. நீங்க இதுல பெரிய எக்ஸ்பர்ட்டுன்னு அம்மா சொன்னாங்க. ஒருநாள் வந்து கிளாஸ் எடுக்குறீங்களா?"

ஸ்பீக்கர் போட்டிருந்தேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் மனைவி வசந்தா சிரித்த சிரிப்பில் கீரைத் தட்டு கவிழ்ந்தது. "எக்ஸ்பர்ட்டா? ஏம்மா சுகந்தி, எங்க ரெண்டு புள்ளைங்களுக்கும் ஒரு ஜட்டியாவது மாட்டி விட்டிருக்காரான்னு உங்க மாமாவைக் கேளு!"

வசந்தா சொன்னது உண்மை. மாட்டிவிட்டதில்லை. ஆனாலும் அந்தப் பட்டம் எனக்கு எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. வகுப்பெடுக்கும் தைரியம் எனக்கில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மரக்காணம் கடைத்தெருவில் ஒரு ஸ்டுடியோவில் இருபது வயதில் சேர்ந்தேன். இருட்டறை மருந்தில் கை வெந்தது, கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டது என்று என் பயிற்சிக் காலம் எல்லாருடையதும் போலத்தான். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, சர்ச் திருவிழா எல்லாம் எடுத்தேன். செத்தவரை நாற்காலியில் உட்கார வைத்து, தாடையைக் கட்டி, சொந்தக்காரர்கள் சுற்றி நிற்கப் படம் எடுத்திருக்கிறேன். கை நடுங்கியதில்லை. பச்சைக் குழந்தை என்றால் மட்டும் பக்கத்திலேயே போக மாட்டேன். செத்தவருக்கு என்னால் புதிதாக ஒன்றும் ஆகிவிடாது இல்லையா?

2004-இல் எங்கள் முதலாளி காலமானார். அவருடைய அக்கா பிலோமினா சிஸ்டர் வந்து கல்லாவில் உட்கார்ந்தார். பாண்டிச்சேரியில் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கேமராவில் எந்தப் பக்கம் கண் வைக்க வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி அவர் பேசவும் மாட்டார். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. சாதாரணமாக என்னை "பலராமா, நீ" என்றுதான் கூப்பிடுவார். தப்பு செய்தால் மரியாதை கூடும். "மிஸ்டர் பலராமன், நீங்க" என்று ஆரம்பித்தால் அன்றைக்கு எனக்குச் சனி என்று அர்த்தம்.

அவர் வந்த பிறகுதான் எங்களுக்குக் குழந்தைப் படங்கள் வர ஆரம்பித்தன. கோட்டக்குப்பத்தில், பெரிய முதலியார்சாவடியில் எல்லாம் அவர் பிரசவம் பார்த்த வீடுகள் நிறைய. ஆண்கள் துபாயிலும் சவூதியிலும் இருந்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க அவர்களுக்குப் படம்தான் வழி. "சிஸ்டர் கடையிலேருந்து ஆள் வரச்சொல்லுங்க" என்று போன் வரும். அந்த ஆள் நான்.

முதல் குழந்தை ஸ்டுடியோவுக்கே வந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் தனம் என்ற பெண்ணின் தலைச்சன் பிள்ளை. எங்களிடம் வாடகைக்கு ஒரு லேஸ் கவுன் இருந்தது, மெட்ராஸில் வாங்கியது. ஸ்டுடியோவின் பெருமையே அதுதான். நான் ஒரு வீராப்பில் குழந்தையின் தலை வழியாக அதை இறக்கினேன். கவுன் பாதி வழியில் நின்றுவிட்டது. கழுத்துப் பகுதி குறுகல். மூக்குக்கு மேலே லேஸ், உள்ளே குழந்தை. மேலேயும் இழுக்க முடியவில்லை, கீழேயும் இழுக்க முடியவில்லை. அதுவரை வீல் என்று கத்தியது சட்டென்று அடங்கியது. தனம் "ஐயோ எம்புள்ள" என்று அலறினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? விளக்கை அணைத்தேன். ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

சிஸ்டர் கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். இரண்டு விரலைக் கழுத்துப் பட்டிக்குள் விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிலிம் வெட்டும் கத்தரியால் கவுனை மேலிருந்து கீழ்வரை இரண்டாக வெட்டினார். குழந்தை மூச்சை இழுத்து அழுதது. தனமும் அழுதாள். நான் கவுனைப் பார்த்து அழும் நிலையில் இருந்தேன்.

"மிஸ்டர் பலராமன், நீங்க கொஞ்சம் வெளியில நில்லுங்க."

மறுநாள் என் மேஜைமேல் ஒரு மூட்டை இருந்தது. பழைய வேட்டித் துணியில் தைத்த பை. உள்ளே உப்பளத்திலிருந்து வந்த கல்லுப்பு, ஒரு குழந்தையின் எடைக்கு. மேலே இன்னொரு சின்ன உப்புப் பை, தலை. அதைத் தொளதொளவென்று கட்டியிருந்தார், எந்தப் பக்கம் சாய்த்தாலும் விழும். கையும் காலும்கூடத் துணியிலேயே தைத்திருந்தார்.

"இதுக்கு சட்டை போட்டுப் பழகு. இது சரியா வந்தப்புறம்தான் உசுரு இருக்கறதைத் தொடணும்."

நாற்பத்திரண்டு வயதில் நான் உப்பு மூட்டைக்குச் சட்டை போட ஆரம்பித்தேன். சிஸ்டர் எனக்குக் கற்றுக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன், சுகந்திக்கு இது உதவும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கடையிலிருந்து வந்த புதுத் துணியை அப்படியே போடக்கூடாது. அலசி வெயிலில் காய்ந்ததுதான் உடம்பில் படலாம். முன்பக்கமோ பின்பக்கமோ முழுக்கத் திறக்கிற சட்டை நல்லது. தலை வழியாக மாட்டுகிற சமாச்சாரமே இந்த வயசில் வேண்டாம். குழந்தையின் கையைப் பிடித்துச் சட்டைக் கைக்குள் திணிக்கக்கூடாது. நம் விரலை மணிக்கட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே விட்டு, குழந்தையின் கையைப் பொத்தினாற்போல் பிடித்துக்கொண்டு, துணியை அதன்மேல் நகர்த்த வேண்டும். நகர வேண்டியது துணி, கை இல்லை. இடுப்புத் துணி தொப்புளுக்குக் கீழே நிற்க வேண்டும். கட்டுக் கயிற்றுக்கும் வயிற்றுக்கும் நடுவே நம் விரல் தாராளமாகப் போய்வர வேண்டும். ஊக்கு கூடவே கூடாது. சூடா குளிரா என்று உள்ளங்கையைத் தொட்டுப் பார்த்தால் தெரியாது. பின்கழுத்தில் கை வைக்க வேண்டும். அங்கே வியர்வை இருந்தால் துணி அதிகம் என்று அர்த்தம்.

கேட்கச் சுலபமாக இருக்கிறது. மூட்டையைத் தூக்கும்போதெல்லாம் அந்தத் தலை பொத்தென்று பின்னால் விழும். சிஸ்டர் கணக்குப் புத்தகத்திலிருந்து கண்ணெடுக்காமல், "கழுத்து போச்சு. மறுபடியும்" என்பார். எங்கள் ஊர்க் கடல் காற்றில் கல்லுப்பு சும்மா இருக்குமா? சாயங்காலமானால் மூட்டை நீர் விட்டுவிடும். "பலராமா, குழந்தை ஒண்ணுக்குப் போயிட்டுது பாரு. துணி மாத்து." எதிர் டீக்கடையிலிருந்து கிளாஸும் கையுமாக ஆட்கள் வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "ஏம்பா பலராமா, பேரு வெச்சாச்சா?" என்று ஒருத்தர் கேட்க, "மொத உப்பு போட்டு வளக்கட்டும், அப்புறம் பேரு வெக்கலாம்" என்று இன்னொருத்தர் சொன்னார். இந்தச் செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது. வசந்தா அன்றிரவு குழம்பில் வேண்டுமென்றே உப்புப் போடவில்லை. "உங்க புள்ளையைப் போட்டு எப்படிங்க கொதிக்க வைக்கிறது?" என்றாள்.

அந்த வருடக் கடைசியில் சுனாமி வந்தது. அதற்குப் பிறகு சில மாதங்கள் நாங்கள் எடுத்ததெல்லாம் நிவாரண மனுக்களில் ஒட்டுவதற்கான சின்னப் படங்கள்தான். கடலோரத்து ஜனங்கள் வரிசையில் வந்து ஸ்டூலில் உட்கார்வார்கள், எழுந்து போவார்கள். "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்லும் பழக்கம் அப்போது என்னை விட்டுப் போயிற்று. வெயில் காலம் ஆரம்பித்து, கோட்டக்குப்பத்திலிருந்து மறுபடியும் குழந்தைக்காக ஒரு போன் வந்தபோது, எனக்கே குழந்தை பிறந்தது மாதிரி சந்தோஷமாகக் கிளம்பினேன்.

அந்த வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. குழந்தையின் தாய் ஷமீமா, மிஞ்சினால் இருபது வயதிருக்கும். அவள் கணவன் இக்பால் துபாயில் இருந்தான். வீட்டு நிர்வாகம் இக்பாலின் அக்காவிடம். ஷமீமா அவரை 'ஆபா' என்று கூப்பிட்டதால் நானும் ஆபா என்றே சொல்கிறேன். இக்பால் ஒரு பை நிறையத் துணி அனுப்பியிருந்தான். அதையெல்லாம் போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அவன் ஆசை. காலையிலேயே ஆபா தன் கையாலேயே எல்லாவற்றையும் மாட்டித் தயாராக வைத்திருந்தார். கெட்டித் துணியில் ஜிப் வைத்த உடுப்பு, அதிலேயே தைத்த தலைமூடி, அதற்குள் ஒரு தொப்பி, கைக்கு உறை, காலுக்குச் சாக்ஸ். அந்தப் பொடிப் பெண் உள்ளேயிருந்து தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது. காற்று பட்டுவிடும் என்று ஜன்னலையும் சாத்தியிருந்தார்கள்.

நான் சும்மா இருப்பேனா? உப்பு மூட்டையில் பட்டம் வாங்கியவன். பின்கழுத்தில் கை வைத்தேன். தெப்பலாக நனைந்திருந்தது.

"ஆபா, குழந்தைக்கு சூடு தாங்கல. அதான் அழுவுது" என்று டாக்டர் தோரணையில் சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். ஜிப் உடுப்பு, தொப்பி, கையுறை எல்லாம் கழற்றிப் பனியனோடு விட்டேன். சாக்ஸை மட்டும் விட்டு வைத்தேன். பாதத்தில் கரடி முகம் பூவேலை செய்திருந்த சாக்ஸ். இரண்டு கரடியும் கேமராவைப் பார்க்கிற மாதிரி ஒரு படம் என் மனசுக்குள் ஏற்கெனவே விழுந்துவிட்டது.

உடம்பு ஆறியது. அழுகை ஆறவில்லை. "பசிக்குது போல" என்றேன். ஷமீமா பால் கொடுத்தாள், குழந்தை வாயிலிருந்து துப்பிவிட்டு அழுதது. "வயித்துல காத்து" என்றேன். தோளில் போட்டுத் தட்டினார்கள். ஷமீமா மெல்லச் சொன்னாள், "ஆபா, சாக்ஸ் போட்டதுலேருந்துதான் இப்படி அழுவுது."

"துபாய் சாக்ஸுடி. தொட்டுப் பாரு, பட்டு மாதிரி இருக்குது. அது என்னா பண்ணும்?" என்றார் ஆபா.

நானும் சேர்ந்துகொண்டேன். "ஏம்மா, குழந்தைன்னா அழத்தான் செய்யும். புது மனுஷனைப் பாத்த பயம்."

பிறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குழந்தை. அதற்குப் புது மனுஷன், பழைய மனுஷன் என்று என்ன இருக்கிறது? இதைச் சொன்னவன்தான் எக்ஸ்பர்ட்.

கடைசியில் நான் தோற்றுப்போய், அந்த வீட்டு போனிலிருந்து ஸ்டுடியோவைக் கூப்பிட்டேன். "சிஸ்டர், இந்தக் குழந்தை சரிப்பட்டு வராது. நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுக் கிளம்பிடறேன்."

"ரிசீவரை அது பக்கம் காட்டு" என்றார். ஆபா குழந்தையைக் கிட்டத்தில் தூக்கி வந்தார். மறுபடி காதில் வைத்தபோது சிஸ்டரின் குரல் மாறியிருந்தது.

"மிஸ்டர் பலராமன். அது உடம்புல இப்ப என்னென்ன இருக்குது?"

"பனியன், இடுப்புத் துணி, சாக்ஸ். அவ்ளோதான் சிஸ்டர்."

"சாக்ஸ் ஏன் இருக்குது?"

"படத்துல நல்லா…"

"கழட்டுங்க. இழுக்காதீங்க, உருட்டிக் கழட்டுங்க. விரல் விரலா பாத்துட்டு எங்கிட்ட சொல்லுங்க. போனை வெக்காதீங்க."

வலது கால் சாக்ஸ் சுருண்டு வந்துவிட்டது. இடது கால் சாக்ஸ் பாதி வந்து நின்றது. லேசாக அசைத்ததும் குழந்தை உடம்பு வில்லாக வளைந்தது. சாக்ஸை உள்பக்கமாகத் திருப்பினேன். கரடி முகத்தின் பின்னால் தையல் நூல்கள் வலை மாதிரி தொங்கின. அதில் ஒரு நூல் கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் போய்ச் சுற்றியிருந்தது. குழந்தை காலை உதைக்க உதைக்க இறுகியிருக்க வேண்டும். விரல் நாவல்பழம் மாதிரி கறுத்து வீங்கிப் பளபளத்தது. நூல் சதைக்குள் இறங்கியிருந்ததால், சுற்றியிருக்கிறது என்று தெரிந்ததே தவிர நூல் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆபா "யா அல்லா" என்று சுவரில் சாய்ந்தார். பார்த்ததை சிஸ்டரிடம் சொன்னேன். என் பையில் கத்தரி இருந்தது. கை அதற்குள் போய்விட்டது. அதைப் பார்த்தவர் மாதிரி சிஸ்டர் சொன்னார்.

"விரல்கிட்ட கத்தரி போகக்கூடாது. சாக்ஸ் தொங்குது இல்ல, அந்த நூலை மட்டும் தள்ளி வெட்டி விடுங்க. எண்ணெய், மஞ்சள் ஒண்ணும் வெக்காதீங்க. ஒரே ஒரு துணி சுத்திக்கிட்டு, காலை வெளிய விட்டு, பாண்டிக்கு ஓடுங்க. குழந்தைங்க டாக்டர்கிட்ட. இப்பவே."

அந்த ஒரே நூலை வெட்ட எனக்கு மூன்று தடவை ஆனது. வசந்தா பார்க்கவில்லை, அதுவரை நல்லது. ஷமீமா தன்னுடைய பழைய பருத்தித் துப்பட்டாவில் மகளைச் சுற்றிக்கொண்டாள். பிரசவமான உடம்பு, வெளியே போகக்கூடாது என்று ஆபா சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று அவள் முகமே சொன்னது. தெருமுனை ஆட்டோவில் மூன்று பேரும் ஏறினோம். கழுத்தில் தொங்கிய கேமராவைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஆட்டோவில் ஷமீமா அழவில்லை. ஒரு முறை மட்டும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள். "காலையிலேயே சொன்னேன் அண்ணே."

நான் ஆட்டோகாரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். பெரிய லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, ஊசி மாதிரி ஏதோ ஒன்றை விரலின் அடியில் விட்டு நிமிண்டினார். ஒரு சுற்று வெளியே வந்தது. விரல் அப்படியே இருந்தது. இன்னும் கீழே பார்த்தார். அடியில் இன்னொரு சுற்று. அதையும் எடுத்துவிட்டு விரலை அமுக்கினார், விட்டார், அமுக்கினார், விட்டார். எங்கள் மூன்று பேர் கண்ணும் அந்த விரலில். கறுப்பு மெல்ல ஊதா ஆயிற்று. ஊதா விளிம்பிலிருந்து சிவக்க ஆரம்பித்தது. "ரத்தம் ஓடுது. தப்பிச்சாச்சு. இன்னும் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். குழந்தை இரண்டு விக்கல் விக்கிவிட்டுத் தூங்கிப்போனது. அந்த அமைதியில்தான் காலையிலிருந்து அது எவ்வளவு அழுதிருக்கிறது என்பது எங்களுக்கு உறைத்தது.

"யாரு கண்டுபிடிச்சது? நல்ல வேலை பண்ணீங்க" என்று டாக்டர் எழுந்து, இருந்த ஒரே ஆண்பிள்ளையான என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஆபா சொன்னார்.

"அவரு இல்ல சார். இந்தப் பொண்ணுதான் காலையிலேருந்து சொல்லிட்டே இருந்துச்சு. நாங்கதான் கேக்கல."

டாக்டரின் கைக்குள் இருந்த என் கையை எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் நின்றேன். அவருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் சும்மாவே குலுக்கிக்கொண்டிருந்தோம்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது ஷமீமா துப்பட்டாவைச் சரிசெய்து, கட்டுப் போட்ட காலை வெளியே எடுத்து வைத்தாள். "அண்ணே, இப்ப எடுங்க" என்றாள். பனியனோடு, அம்மாவின் பழைய துணியில், வாயைத் திறந்தபடி தூங்கும் குழந்தை. ஒரே ஒரு படம் எடுத்தேன். துபாய்க்குப் போனது அதுதான். இக்பால் அனுப்பிய துணியில் ஒரு நூல்கூட அதில் இல்லை.

அதற்குப் பிறகு என் மானம் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. செய்தி வீடு வீடாகப் போகும்போது வழியிலேயே வளர்ந்து, அழுகையைக் கேட்டே நோயைச் சொல்லும் போட்டோகாரர் ஒருத்தர் மரக்காணத்தில் இருக்கிறார் என்று ஆகிவிட்டது. கிளியனூரிலிருந்து ஒருவர் பேரனை, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை என்று என்னிடமே அழைத்து வந்தார். நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். சிஸ்டர்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். எக்ஸ்பர்ட் பட்டம் என் அக்கா காதுக்குப் போனது இந்த வழியில்தான்.

அடுத்த வருடம் இக்பால் லீவில் வந்தான். ஒருநாள் ஷமீமாவும் அவனும் குழந்தையோடு மரக்காணம் வந்தார்கள். பெண் நடக்க ஆரம்பித்திருந்தது, விரல்கள் பத்தும் பத்திரம். அப்பாவிடம் மட்டும் போகவில்லை. அவன் கை நீட்டினால் ஷமீமாவின் முழங்காலுக்குப் பின்னால் ஒளிந்தது. அவனைப் படத்தில் பார்த்திருக்கிறதே தவிர ஆளாகப் பார்த்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"சாக்ஸ் நான்தாங்க வாங்குனேன்" என்றான் என்னிடம். "கடையில ரொம்ப நேரம் நின்னேன். கரடி போட்டதா, பூ போட்டதான்னு. உள்ள திருப்பிப் பாக்கத் தோணல."

ஷமீமா பையிலிருந்து ஒரு கவுனை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நீங்களே போட்டு விடுங்க" என்று சொல்லிவிட்டு, படத்துக்குப் பின்னணியாக நாங்கள் தொங்கவிட்டிருந்த திரைக்குப் பக்கத்தில் போய்த் தள்ளி நின்றுகொண்டாள். இக்பால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கவுனை உள்பக்கம் திருப்பி, தையல் தையலாக விரலால் தடவிப் பார்த்தான். ஒரு நூல் நீட்டியிருந்தது. பல்லால் கடித்து எடுத்தான். குழந்தை அதை வேடிக்கை பார்க்கக் கிட்டத்தில் வந்தது. அவன் வாயிலிருந்த நூலை எடுக்கக் கை நீட்டியது. அந்தக் கையில் அவன் மெல்லக் கவுனை ஏற்றினான். அடுத்த கை. குழந்தை அழவில்லை. அவன் மீசையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கவுன் முன்பின் மாறியிருந்தது. முதுகில் இருக்க வேண்டிய பொத்தான்களெல்லாம் நெஞ்சில் வரிசையாக நின்றன. அவன் ஒவ்வொன்றாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, பெருமையாகப் போட்டு முடித்தான். இத்தனை வருட அனுபவம் சும்மா விடுமா? "தம்பி, அது வந்து…" என்று நான் ஓரடி வைத்தேன். பின்னாலிருந்து யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சிஸ்டர்.

"எடு" என்றார்.

குழந்தை கேமராவைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. என் பக்கம் திருப்ப வேண்டும் என்று கிலுகிலுப்பையை எடுத்தேன். சிஸ்டர் அதையும் என் கையிலிருந்து சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.